நீல சீரமும் மீன்தொட்டி மருந்தும்: மெத்திலீன் ப்ளூவை முகத்தில் தடவலாமா?

பனியன்ஊர்க்காரி, திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கங்க. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 34. இரண்டாவது பையன் பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் மங்கு. ஒரு வருடமாகக் கண்ணாடி பார்ப்பதற்கே மனசு வருவதில்லை.

போன மாதம் நாத்தனார் ஆன்லைனில் ஒரு நீல சீரம் வாங்கிக் கொடுத்தார். 30 மில்லி, 1,200 ரூபாய். உள்ளே இருப்பது மெத்திலீன் ப்ளூவாம். "மருத்துவமனைகளில் நூறு வருடத்துக்கு மேல் பயன்படும் ஆன்டிசெப்டிக், அதனால் சருமத்துக்கு முழுப் பாதுகாப்பு" என்று அட்டையில் போட்டிருக்கிறது. மூன்று இரவு போட்டேன். காலையில் தலையணை உறை நீலம், நகக்கண் நீலம். முகத்தில் எரிச்சல் எதுவும் இல்லை.

இதைப் பார்த்த ஆபீஸ் தோழி, "இதுக்கு எதுக்கு இவ்வளவு காசு, வண்ண மீன் கடையில் இதே சாமான் 60 ரூபாய்" என்று ஒரு பாட்டில் வாங்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டாள். 50 மில்லி, 1 சதவீதம் என்று லேபிளில் இருக்கிறது. இரண்டு சொட்டு ரோஸ் வாட்டரில் கலந்து போடச் சொல்கிறாள். நாத்தனாரோ, சீரம் போட்டுவிட்டு மேலே சிவப்பு எல்.இ.டி. மாஸ்க் மாட்டினால் இரட்டைப் பலன் என்கிறார்.

எனக்கு எதை நம்புவதென்றே தெரியவில்லை. சாயத்தைப் பற்றித் தெரிந்தவர்கள், மருந்து தெரிந்தவர்கள் இரண்டு பேருமே இங்கே இருக்கிறீர்கள். கொஞ்சம் சொல்லுங்க.

ஷேடுமாஸ்டர், திருப்பூர்

அம்மணி, முதலில் அந்த மீன் கடை பாட்டிலை மூடி ஓரமாக வை. மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் சாயப்பட்டறை லேபில் 28 வருடம் இருந்தவன். மெத்திலீன் ப்ளூ மருந்தாகப் பிறந்ததல்ல, சாயமாகப் பிறந்தது. 1876-இல் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் ஹைன்ரிச் காரோ பஞ்சுத்துணிக்கு நீலம் ஏற்றுவதற்காகச் செய்தது. இன்றைக்கு நம் ஊர் பனியன் துணிக்கு இதை யாரும் போடுவதில்லை, எல்லாம் ரியாக்டிவ் டைதான். இது பேசிக் டை வகை. காட்டனில் தானாக நிற்காது, டானின் என்ற துவர்ப்புச் சத்தைப் போட்டுத்தான் பிடிக்க வைக்க வேண்டும். ஆனால் பட்டு, கம்பளி மாதிரி புரதம் உள்ள இழையைக் கண்டால் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். தோலும் நகமும் எங்கள் கணக்கில் பட்டு மாதிரிதான். உன் நகக்கண் நீலமானது அதனால்தான். மேல்தோல் உதிர உதிர அது போய்விடும், பயப்படாதே.

நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி வேறு. ஒரே பெயரில் மூன்று விதமான சாமான் சந்தையில் இருக்கிறது. சாயத்துக்கு மூட்டையில் வருவது பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடோடு சேர்ந்த இரட்டை உப்பு. அதோடு அஜூர் பி மாதிரி கூட்டாளிச் சாயங்களும் கலந்திருக்கும். ஈயம், ஆர்சனிக் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்க அவசியமும் இல்லை, துணிக்குத்தானே போகிறது. இரண்டாவது, லேபில் ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றும் ரகம். மூன்றாவது, ஊசி மருந்து ரகம். அதில் துத்தநாகக் குளோரைடு சேர்ந்திருக்கக் கூடாது, ஒவ்வொரு உலோகத்துக்கும் வரம்பு உண்டு. கண்ணுக்கு மூன்றும் ஒரே நீலம். 28 வருடம் ஷேடு பார்த்த என் கண்ணாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

மீன் மருந்து மீனுக்குத்தான். மீன் முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவார்கள். அதை மனிதத் தோலுக்கு என்று யாரும் சோதித்து அடைக்கவில்லை.

கோபிவாசி, கோபிசெட்டிபாளையம்

நான் எட்டு மாதமாக மெத்திலீன் ப்ளூ க்ரீம் போடுகிறேன், வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கி அனுப்புவது. எந்தக் கெடுதலும் இல்லை. தோல் மிருதுவாகத்தான் இருக்கிறது. கெமிக்கல் என்றதும் பயப்படுவது நம் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது. 2017-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதியிருக்கிறார்கள். தோல் செல் வயதாவதை இது தள்ளிப்போடுகிறது என்று தெளிவாகச் சொல்கிறது. படித்துவிட்டுப் பேசுங்கள்.

பவானிசித்தி, பவானி

எங்கள் சின்ன வயதில் நாக்குப் புண்ணுக்கு ஊதா மருந்து, முட்டி சிராய்ப்புக்குச் சிவப்பு மருந்து. எல்லாம் சாயம்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மா அதைப் பஞ்சில் தொட்டு வைத்தால் சரியாகிவிட்டது. அதையெல்லாம் முகத்துக்குப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பாப்பா, மஞ்சள் இருக்கும்போது இது எதற்கு?

மருந்துச்சீட்டு, பெருந்துறை

நான் மருந்தாளுநர். பவானி அக்கா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அதில்தான் இந்த அட்டை வாசகத்துக்குப் பதில் இருக்கிறது.

அந்தச் சிவப்பு மருந்து மெர்குரோக்ரோம். அதில் பாதரசம் இருக்கிறது. பல தலைமுறை போட்ட பிறகு 1998-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைப் பாதுகாப்பானது என்று பொதுவாக ஏற்கப்பட்ட பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஊதா மருந்து ஜென்ஷியன் வயலெட். 2019-இல் கனடா சுகாதாரத் துறை அதற்குப் புற்றுநோய் அபாய எச்சரிக்கை கொடுத்தது. இன்னொன்று ஹெக்சாகுளோரோஃபீன். அறுவை அரங்கில் கை கழுவப் பயன்பட்ட நல்ல ஆன்டிசெப்டிக். 1972-இல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் அது தவறுதலாக 6 சதவீதத்துக்கு மேல் கலந்துபோய், 36 குழந்தைகள் இறந்தார்கள். பிஞ்சுத் தோல் வழியாகவே மூளை நரம்பு வரைக்கும் போய்விட்டது. ஆகவே "மருத்துவமனையில் நூறு வருடம் பயன்பட்டது" என்பது எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. புண்ணுக்கு மூன்று நாள் போடுவதும், நல்ல தோலில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை வருடக்கணக்கில் போடுவதும் ஒன்றல்ல.

மெத்திலீன் ப்ளூவுக்கு உண்மையிலேயே பெரிய வரலாறு உண்டு. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தபோது கிருமிக்கு ஏற்றிய சாயம் இதுதான். 1891-இல் பால் எர்லிக்கும் குட்மானும் பெர்லினில் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்க முடியாமல் போகும் மெத்தீமோகுளோபினீமியா என்ற கோளாறுக்கு முறிவு மருந்தாக உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் இருக்கிறது. கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நரம்பில் மெதுவாக. இதே மருந்தை கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால், எந்தக் கோளாறுக்குக் கொடுக்கிறோமோ அதே கோளாறை அதுவே உண்டாக்கலாம். நான் பார்த்த மருந்துகளில் அளவு என்பதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிக்கொடுப்பது வேறில்லை.

கோபிவாசி, நீங்கள் சொன்ன ஆய்வு உண்மைதான், நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களிலும், அங்கே கட்டிய தோல் மாதிரியிலும் செய்தது. மங்கு உள்ள, வெயிலில் போய்வரும் ஒரு பெண்ணின் முகத்தில் அல்ல. அந்தக் குழுவின் தலைமை ஆய்வாளரே பின்னால் இதை வைத்துக் க்ரீம் விற்கும் கம்பெனியும் தொடங்கினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அளவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். செல்களுக்குக் கொடுத்ததெல்லாம் மைக்ரோமோல் கணக்கில். 1 மைக்ரோமோல் என்றால் லிட்டருக்கு 0.32 மில்லிகிராம். தங்கச்சி கையில் இருப்பது 1 சதவீதம், லிட்டருக்கு 10 கிராம், அதாவது 31,000 மைக்ரோமோலுக்கு மேல். அதில் ஒரே ஒரு சொட்டை 30 மில்லி ரோஸ் வாட்டரில் விட்டாலே 50 மைக்ரோமோல் தாண்டும். சொட்டு எண்ணி இதைச் சரியாக்க முடியாது.

ஷேடுமாஸ்டர், திருப்பூர்

கணக்கு சரிங்க. மாதிரித் துணிக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் லேப் டிப் போடும்போது பிப்பெட்டில் அரை மில்லி கூடினாலே பையர் ஷேடைத் திருப்பி அனுப்பிவிடுவான். முகத்துக்கு மட்டும் கண்ணளவா?

கோபிவாசி, கோபிசெட்டிபாளையம்

மீன் மருந்தைப் போடச் சொல்லி நான் சொல்லவில்லை. அது தப்புத்தான். ஆனால் முறையாகத் தயாரித்த, அளவு குறைந்த க்ரீமையும் இதோடு சேர்த்து அடிப்பது நியாயமில்லை. மூலக்கூறு என்ன பாவம் செய்தது?

மருந்துச்சீட்டு, பெருந்துறை

மூலக்கூறு மீது எனக்கும் கோபமில்லைங்க. தூய ரகம், குறைந்த அளவு, முழுத் தோல், இப்படி இருந்தால் உள்ளே போவது மிகக் கொஞ்சம்தான். அதனால்தான் பாட்டிலைப் பற்றிக் கேட்கிறேன். பனியன்ஊர்க்காரி, உங்கள் சீரம் அட்டையில் தயாரிப்பாளரின் முழு முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கிறதா பாருங்கள். இது நம் நாட்டு 2020 காஸ்மெடிக்ஸ் விதிகள் கேட்பது. சேர்க்கும் சாயமும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4707-இன் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும். அந்தச் சாயத்தில் ஆர்சனிக் பத்து லட்சத்தில் 2 பங்கு, ஈயம் 20 பங்கு, அதற்கு மேல் கூடாது.

அப்புறம் இரண்டு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா? வீட்டில் யாருக்காவது ஜி6பிடி குறைபாடு உண்டா?

பனியன்ஊர்க்காரி, திருப்பூர்

பார்த்தேன் அண்ணா. ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது, தெரு இல்லை. உரிம எண் இல்லை. சதவீதமும் எங்கேயும் போடவில்லை. "சில சொட்டுகள் நாக்கின் அடியிலும் விடலாம்" என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கிறது. இப்போதுதான் கண்ணில் பட்டது.

மாத்திரை பற்றி... பையன் பிறந்த பிறகு மனசு மிகவும் சோர்ந்து போயிருந்தேன். டாக்டர் எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தார். பத்து மாதமாகச் சாப்பிடுகிறேன். வீட்டில் இவருக்கும் அத்தைக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இங்கே பெயர் இல்லாததால் சொல்கிறேன். ஜி6பிடி என்றால் என்னவென்றே தெரியாது.

மருந்துச்சீட்டு, பெருந்துறை

சொன்னது நல்லதாகப் போயிற்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தங்கச்சி, பிரஷர் மாத்திரை மாதிரிதான் அதுவும்.

மெத்திலீன் ப்ளூ நம் உடம்பில் மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ என்ற நொதியைத் தடுக்கும். செரடோனினைச் சிதைப்பது அந்த நொதி. உங்கள் மாத்திரை செரடோனினைக் கூட்டி வைப்பது. இரண்டும் சேர்ந்தால் செரடோனின் மிதமிஞ்சிப் போய் காய்ச்சல், நடுக்கம், குழப்பம், தசை விறைப்பு என்று உயிருக்கே வரலாம். 2011-இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது இதற்காகத்தான். அந்த எச்சரிக்கை நரம்பில் ஊசியாகப் போட்டவர்களை வைத்து வந்தது, முகத்தில் தடவியதால் அல்ல. மூன்று இரவு தடவியதற்காக நீங்கள் பதற வேண்டாம். ஆனால் நாக்கின் அடியில் விட்டால் அது நேரே ரத்தத்துக்குப் போகும். அந்த ஒரு வரியை எழுதியவரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு சொட்டுகூட வாயில் படக் கூடாது. மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்கு இந்த மருந்து உள்ளே போனால் சிவப்பணு உடையலாம். பெரும்பாலும் ஆண்களிடம் தெரியவரும், ஏனென்றால் அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கைக்குழந்தை கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்குகிற வீட்டில் இதையும் யோசிக்க வேண்டும்.

செவிலிஅக்கா, கோவை

நான் தோல் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எல்லாரும் பாட்டிலைப் பற்றியே பேசுகிறீர்கள், வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான் உள்ளே வந்தேன்.

மெத்திலீன் ப்ளூ ஒளி பட்டால் சும்மா இருக்காது. 660 நானோமீட்டர் பக்கம் உள்ள சிவப்பு வெளிச்சத்தை அது விழுங்கும். விழுங்கிய சக்தியைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து, சிங்லெட் ஆக்சிஜன் என்ற காட்டமான வடிவமாக மாற்றும். அது கிருமியையும் கொல்லும், செல்லையும் கொல்லும். இந்தக் குணத்தை வைத்துத்தான் தானமாகக் கிடைத்த பிளாஸ்மாவில் வைரஸை அழிக்கிறார்கள். பிளாஸ்மாவில் இதைக் கலந்து வெளிச்சம் காட்டுவார்கள், பிறகு சாயத்தை வடிகட்டி எடுப்பார்கள். மருந்து தடவி வெளிச்சம் காட்டும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சையும் இதே வழிதான்.

சிவப்பு எல்.இ.டி. மாஸ்க் பெரும்பாலும் 630 முதல் 660 நானோமீட்டர் வெளிச்சம். அதாவது நாத்தனார் சொல்வது இரட்டைப் பலன் அல்ல, மருத்துவர் அளவு பார்த்துச் செய்ய வேண்டிய ஒரு சிகிச்சையை வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கண்மூடித்தனமாகச் செய்வது. தயவுசெய்து வேண்டாம்.

மாஸ்க் இல்லாவிட்டாலும் வெயில் இருக்கிறதே. காலையில் முகம் கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கிற மாதிரி மேல்தோலிலும் கொஞ்சம் நிற்கும். சன்ஸ்கிரீன் போட்டால் போதுமே என்பார்கள். சாதாரண சன்ஸ்கிரீன் தடுப்பது புற ஊதாக் கதிரை. சிவப்பு வெளிச்சம் அதைத் தாண்டி உள்ளே வரும். மங்கு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கறுக்க வைக்கும். அதனால்தான் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீனை எழுதிக் கொடுக்கிறோம். நம் மாநிறத் தோலில் லேசாக எரிந்து ஆறினாலும் கரும்படலம் விட்டுப் போகும், போக மாதக்கணக்காகும். மங்குக்கு என்று தடவி, மங்கோடு புதுக் கறுப்பும் சேர்ந்து வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடவியது வேறு வேறு பொருள், ஆனால் கண்ணீர் ஒன்றுதான்.

கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில் இது தெரியாது, சட்டைக்குள் வெளிச்சம் படாத இடத்தில்தானே வைப்போம்.

நுண்ணூசி பதித்த டெர்மா ரோலரை முகத்தில் உருட்டிவிட்டு இதைத் தடவுவதும் கூடவே கூடாது. மார்பகப் புற்று அறுவையில் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்க இந்தச் சாயத்தைத் தோலுக்குள் போட்டு, அந்த இடம் கறுத்துச் செத்துப்போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதனால் இப்போது நீர்க்கச் செய்து, ஆழம் பார்த்துப் போடுகிறார்கள்.

கோபிவாசி, கோபிசெட்டிபாளையம்

வெளிச்சம் பற்றி யோசிக்கவே இல்லை அக்கா. நான் காலையில்தான் க்ரீம் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன். இன்றிலிருந்து நிறுத்துகிறேன். ஒரு சந்தேகம்: நான் கூடவே வைட்டமின் சி சீரமும் போடுவேன். கலந்தவுடன் நீலம் மறைந்துவிடும். அப்படியானால் மருந்து அழிந்துவிடுகிறதா?

பால்சொசைட்டி, தாராபுரம்

இதற்கு நான் சொல்கிறேன், தினமும் கண்ணால் பார்ப்பது. பால் லேபில் எங்களுக்கு எம்.பி.ஆர்.டி. என்று ஒரு டெஸ்ட் உண்டு. 10 மில்லி பாலில் 1 மில்லி மெத்திலீன் ப்ளூ விட்டு, 37 டிகிரி சூட்டில் வைப்போம். பாலில் கிருமி பெருகப் பெருக ஆக்சிஜனைத் தின்னும், நீலம் வெளுத்துக்கொண்டே வரும். ஐந்து மணி நேரம் நீலம் நின்றால் அருமையான பால். அரை மணியில் வெளுத்தால் அந்தக் கேனைத் திருப்பிவிட வேண்டியதுதான். வெளுத்த குழாயை நன்றாகக் குலுக்கிப் பாருங்கள், காற்றுப் பட்டதும் மேலே நீலம் திரும்பும். சாயம் எங்கும் போகவில்லை, நிறமில்லாத உருவத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். வைட்டமின் சி செய்வதும் அதே வேலை. முகத்தில் காற்றுப் பட்டால் திரும்பவும் நீலம்தான். நிறம் தெரியவில்லை என்பதால் தோலில் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

பவானிசித்தி, பவானி

வாசித்து வாசித்துத் தலை சுற்றுகிறது. ஆனால் பாப்பா அந்த மாத்திரை விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. நான் மஞ்சள் என்று சொன்னதையும் யோசித்துப் போடு, டாக்டரிடம் கேட்டுவிட்டே போடு.

பனியன்ஊர்க்காரி, திருப்பூர்

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நேற்று மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சீரத்தை நிறுத்தச் சொன்னார், மாத்திரையைத் தொடரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை தோல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன், பாட்டிலையும் எடுத்துப் போவேன். நாத்தனாருக்கு இந்த இழையை அனுப்பினேன். படித்துவிட்டு மாஸ்க்கைப் பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிட்டாராம். தோழியும் படித்தாள்.

கடைசியாக ஒன்று. மீன் கடை பாட்டில் அப்படியே இருக்கிறது. சிங்க்கில் ஊற்றிவிடலாமா?

ஷேடுமாஸ்டர், திருப்பூர்

வேண்டாம் கண்ணு. 50 மில்லி சின்னதுதான், ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கி நின்றதையும், 2011-இல் ஹைகோர்ட் உத்தரவில் பட்டறைகள் மூடி எங்கள் ஆள்கள் வேலையில்லாமல் நின்றதையும் பார்த்தவன் நான். நொய்யலுக்குப் போன நீலம் போதும். காங்கயத்துத் தம்பி இங்கே இருந்தால் வழி சொல்வார்.

தொட்டிக்கரி, காங்கயம்

இருக்கிறேன் அண்ணா. எங்கள் வேலையே அதுதான். தேங்காய்த் தொட்டிக் கரியை நீராவியில் உயிரூட்டி ஆக்டிவேட்டட் கார்பனாக்கினால், அது எவ்வளவு தேறும் என்று பார்ப்பதே மெத்திலீன் ப்ளூவை வைத்துத்தான். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் நீலத்தை இழுக்கிறது என்று எண்ணிக் கொடுப்போம். நல்ல கரி 200 மில்லிகிராமுக்கு மேல் இழுக்கும். அக்கா பாட்டிலில் இருப்பது 500 மில்லிகிராம் சாயம். வாட்டர் ஃபில்டரில் போடும் கார்பன் இருந்தால் ஒரு பிடி போதும், தாராளம். அடுப்புக்கரி வேண்டாம், அது அவ்வளவாக இழுக்காது. ஒரு கண்ணாடி ஜாடியில் இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் பாட்டில் மருந்து, அதில் கரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அவ்வப்போது கலக்கிவிட்டு இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் தெளிந்ததும் கரியை வடித்து, உலரவிட்டு, கவரில் கட்டிக் குப்பையில் போடலாம். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் ஜாடியை வையுங்கள்.

பனியன்ஊர்க்காரி, திருப்பூர்

பழைய ஃபில்டர் கேட்ரிட்ஜை உடைத்துக் கரி எடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் கருநீலமாகத்தான் இருந்தது, உங்களிடம் திரும்பக் கேட்கலாம் என்றிருந்தேன். இன்று காலை பரணில் ஏறிப் பார்த்தால் ஜாடிக்குப் பின்னால் இருந்த சுவர்க் காலண்டரில் தேதி தெரிகிறது.